மாடக்கண்ணு கொடுத்த இரண்டு சத்தியங்கள்

வீரவநல்லூருக்கும் மேலப்பாளையத்துக்கும் நடுவில் ரோட்டோரம் கடை போட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் மாடக்கண்ணுவின் குட்டியானையை அடையாளம் சொல்லிவிடுவார்கள். வாழை இலைக் கட்டுகளைப் பச்சைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு, முன்கண்ணாடியில் 'சுடலைவடிவு' என்று மஞ்சள் எழுத்தில் மனைவியின் பேரைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வரும் அந்தச் சின்ன லோடு வண்டி. மேடு வந்தால் மாடக்கண்ணு ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, "இந்தா, வந்துட்டு, இன்னும் கொஞ்சந்தான் தாயி" என்று அதனிடம் பேசுவார். ஐம்பதைத் தாண்டிய ஆள். வெயிலில் வெந்து கறுத்த முகம். ஆனால் சிரித்தால் அந்த முகத்தில் ஒரு பச்சைப்பிள்ளை எட்டிப் பார்க்கும்.

அவரைப் பற்றி அந்த ரோட்டில் ஒரு கேலிக் கதை உண்டு. ஒருநாள் பத்தமடை விலக்கில் பால்காரர் ஒருவர் மொபெட்டோடு சரிந்து, கால் மாட்டிக் கிடந்தார். மாடக்கண்ணு வண்டியை நிறுத்தவில்லை. விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அவரைச் சுற்றி வண்டியைப் பைய உருட்டினார். ஒரு கையால் 108-க்குப் போன் போட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அசையாதேயும் அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் வருது" என்று தைரியம் சொன்னார். மறுபடி ஒரு சுற்று, மறுபடி தைரியம். ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் நேரே ஓட்டிப் போனார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், "மாடக்கண்ணு நவகிரகம் சுத்துதாம்லே" என்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களுக்கு அதன் காரணம் தெரியாது. காரணம் ஒரு சத்தியம்.

முன்னொரு காலத்தில் ரோட்டில் யார் விழுந்தாலும் முதலில் நிற்கிற வண்டி அவருடையதுதான். அப்படித்தான் ஒரு ஐப்பசி மழையில், லாரி தட்டிவிட்டுப் போன ஒரு மனிதரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உயிர் பிழைக்கவில்லை. கண்ணால் கண்ட சாட்சி என்று மாடக்கண்ணுவின் பேர் வழக்கில் ஏறியது. அதோடு போயிற்று அவருடைய நிம்மதி. வாய்தா வாய்தாவாக வருஷங்கள் ஓடின. சாட்சி சொல்லப் போன நாளெல்லாம் இலை வாடியது. கூண்டில் ஏறி நின்றவரை எதிர்த்தரப்பு வக்கீல், "இடிச்சது நீர்தானே, பயந்து போய்த்தானே தூக்கிட்டு ஓடினீர்" என்று கேட்டார். இறந்தவரின் வீட்டாரே அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் அழுதார்.

சுடலைவடிவு பீடி சுற்றுகிறவள். மடியில் இலையும் தூளும் பரப்பிய சொளகை வைத்துக்கொண்டு நாளெல்லாம் குனிந்தே இருக்கிற பெண். அன்றைக்கு நிமிர்ந்தாள். புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுடலைமாடன் பீடத்தின் முன்னால் நிறுத்தி, சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். வார்த்தைகளும் அவள் சொல்லிக்கொடுத்தவைதான்: "ரோட்டுல எவன் விழுந்து கெடந்தாலும் இனி வண்டிய நிறுத்த மாட்டேன்." மாடன் முன்னால் சூடம் அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். அதை மீறினவர்களின் கதைகளை அவர் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்.

அதனால்தான் அந்தச் சுற்று. நிறுத்தக் கூடாது என்றுதான் சத்தியம். சுற்றக் கூடாது என்று இல்லையே.

பிறகு காலம் மாறியது. ஒரு பெட்ரோல் பங்க் சுவரில் புதிதாக ஒரு பலகை வைத்தார்கள். விபத்தில் உதவுகிறவர்களின் பேரையும் முகவரியையும் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது, சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. மாடக்கண்ணு அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, பரீட்சையில் பாசான பிள்ளை மாதிரி மனைவியிடம் நீட்டினார்.

அவள் பீடி இலையை நறுக்கிக்கொண்டே, "கவருமெண்டு அவங்க சட்டத்தை மாத்தியிருக்காங்க. மாடன் ஒண்ணும் மாத்தலையே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்தப் பலகையை அவர் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டார். நமக்கு இல்லாவிட்டாலும் ஊரில் வேறு யாருக்காவது ஆகுமே என்று ஒரு சந்தோஷம்.

போன வருஷம் கார்த்திகை பிறந்த சமயம். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ராத்திரிச் சாப்பாட்டு இலை கொண்டுபோக வேண்டும். மத்தியானம் கட்டுகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், மேலச்செவலைத் தாண்டியதும் வழக்கம்போல ஆற்றுப் பக்கம் இறங்கும் மண்பாதையில் வண்டியை விட்டார். இலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். தானும் ஒரு முங்கு போட வேண்டும். தாமிரபரணியில் நனையாமல் ஒருநாளும் அவர் டவுனுக்குள் நுழைந்தது இல்லை.

படித்துறையை ஒட்டி ஒரு பழைய கல்மண்டபம். அங்கிருந்து யாரோ குறட்டை விடுகிற சத்தம் கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் மல்லாந்து கிடந்தான். குறட்டை அறுந்து அறுந்து வந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. அவன் பக்கத்தில் முட்டி போட்டு, ஆற்றுத் தண்ணீரைக் கையில் கோரிக் கோரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான் இன்னொருவன்.

மாடக்கண்ணுவின் கால்கள் ஓடத் தயாராகி, ஒரு கணம் நின்றன. சத்தியம். ஆனால் இது ரோடு இல்லை. மண்டபம். வண்டியும் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருக்கிறது. மாடனுக்குப் பதில் சொல்ல இது போதும் என்று தோன்றியது. அந்த ஒரு கணத்தை நினைத்து இன்றைக்கும் அவருக்கு வெட்கம்தான்.

"ஏலே, தூக்கு. வண்டில போடுவோம்."

உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. மயக்கம்தான், தெளிந்துவிடும் என்றான். வெயிலில் வந்தது என்றான். சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாகத் தண்ணீரை அடித்தான். மாடக்கண்ணு போனை எடுத்து 108 அழுத்தப் போனார். பையன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் அண்ணாச்சி, போலீஸுக்குப் போயிரும் என்று அழுதான்.

அவன் பேர் மகாராஜா. பேர்தான் அப்படி, அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவர்கள். படுத்துக் கிடந்தவன் ஷிபின், பாளையங்கோட்டைப் பையன். இருவரும் ஒன்றாகக் காலேஜில் படித்தவர்கள். ஷிபினுக்குக் கொஞ்ச நாளாக வலி மாத்திரைப் பழக்கம். இனிமேல் தொடமாட்டேன் என்று எத்தனையோ தடவை மகாராஜாவிடம் அழுதிருக்கிறான். இன்றைக்கும் கடைசித் தடவை என்று சொல்லி, மகாராஜாவின் பைக்கில்தான் போய் யாரிடமோ வாங்கி வந்திருக்கிறான். விழுங்கியது போக மிச்ச அட்டையை, "நான் கேட்டாலும் தராதே" என்று சிநேகிதன் கையிலேயே கொடுத்துவிட்டுப் படுத்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்த அட்டை மகாராஜாவின் சட்டைப்பையில் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அவனுக்கு இருந்தது. போலீஸ் வேலைக்கான பரீட்சை, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறி, போலீஸார் ஊருக்கு வந்து நடத்தை விசாரித்துவிட்டு ஆர்டர் கொடுக்க வேண்டிய கட்டத்தில் இருந்தான். இப்போது ஒரு வழக்கில் பேர் விழுந்தால் எல்லாம் போயிற்று. வயல் சேற்றிலிருந்து கரையேற அந்த வீட்டுக்கு இருந்த ஒரே படி அது.

ஷிபினின் குறட்டை நின்றது. பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து ஒன்று வந்தது.

மாடக்கண்ணு அந்தப் பையனின் இரண்டு தோளையும் பிடித்தார். "ஒம் பேரை எவனும் கேக்க மாட்டான்லே. சட்டம் போட்டிருக்கான், நான் கண்ணால படிச்சிருக்கேன். கொண்டுபோய்ச் சேக்குதவனை ஒண்ணும் செய்யப்பிடாது. மாடன் சாட்சியாச் சொல்லுதேன், ஒனக்கு ஒண்ணும் வராது. தூக்கு."

மகாராஜா தூக்கினான்.

கல்யாண இலைக் கட்டுகளின் மேல் ஷிபினைச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மகாராஜா பின்னாலேயே ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். குட்டியானை தன் ஆயுளில் அப்படி ஓடியதில்லை. தருவை போயிற்று, முன்னீர்பள்ளம் போயிற்று. மேலப்பாளையம் பஜாரில் சாயங்கால நெரிசல். ஹாரனில் வைத்த கையை மாடக்கண்ணு எடுக்கவே இல்லை. பச்சை இலைக்கு மேல் ஒரு பிள்ளை கிடப்பதைக் கண்டதும், சைக்கிளைச் சாய்த்துக்கொண்டும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டும் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். பின்னாலிருந்து, "ஷிபின், மூச்சு விடுல, விடுல" என்ற குரல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்று மாடக்கண்ணு வேண்டாத சாமி இல்லை. ஷிபின் கழுத்தில் சிலுவைச் சங்கிலி கிடந்ததைப் பார்த்திருந்ததால் இயேசுவையும் ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டார்.

பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்றைக்கு இருந்தவர் டாக்டர் ஹம்னா. மெலிந்த பெண், வயது குறைவு. கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார், உடனே பிராணவாயு வைக்கச் சொல்லிவிட்டு, "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

"பரோட்டா" என்றான் மகாராஜா. சால்னா கெட்டுப் போயிருந்தது என்றும் சேர்த்துக்கொண்டான்.

டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, நீங்க பொய் சொன்னா, நான் அந்தப் பொய்க்குத்தான் வைத்தியம் பாக்க முடியும். இவன் செத்துப் போயிருவான்."

மகாராஜா மாடக்கண்ணுவைப் பார்த்தான். அவர் ஆற்றங்கரையில் தோளைப் பிடித்த மாதிரியே மறுபடி பிடித்தார். பையனின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. அது வெளியே வருவதற்குள் மாடக்கண்ணுவுக்கு ஒரு யுகம் கழிந்தது. கசங்கிய அட்டை டாக்டர் கைக்கு மாறியது.

அதைத் திருப்பிப் பார்த்ததும் டாக்டர் ஒரு ஊசியின் பேரைச் சொல்லிக் கத்தினார். நர்ஸ் ஓடினாள். ஊசி ஏறியது. மறுபடி ஏறியது. சுவரோரம் ஒட்டி நின்ற இருவரும் ஷிபினின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருதரம் தூக்கியது. அடங்கியது. பிறகு பெரிதாகத் தூக்கி, இருமி, கெட்ட கனவிலிருந்து எழுகிறவன் மாதிரி ஷிபின் முனகினான். டாக்டர் நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டு, இந்த அட்டையைக் காட்டியிருக்காவிட்டால் கஷ்டமாகியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வெளித் தாழ்வாரத்துக்கு வந்ததும் மகாராஜா தரையில் உட்கார்ந்து அழுதான். மாடக்கண்ணுவும் அழுதார். யார் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் புறக்காவல் நிலையத்திலிருந்து ஏட்டு காந்திமதிநாதன் வந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. முறைப்படி தகவல் போயிருக்கிறது. அவர் வேலை விசாரிப்பது. கொண்டுவந்தது யார், அட்டை யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

மாடக்கண்ணு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெட்ரோல் பங்க் பலகையில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தார். ஏட்டு பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், அவர் தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, நீரு சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பில்ல. ஆனா அது ரோட்டு விபத்துக்குள்ள சட்டம்வே. வண்டி மோதி விழுந்தவனுக்கு. இது மாத்திரை சமாச்சாரம். இதுக்கு அது செல்லாது."

"ஆத்தங்கரையில விழுந்தவனும் விழுந்தவன்தானே, ஏட்டய்யா?"

ஏட்டு, நான் எழுதின சட்டமா என்று முணுமுணுத்தார்.

மாடக்கண்ணு பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவிக்குக் கொடுத்த சத்தியம் ரோட்டோடு நின்றது. அதனால் அவர் தப்பித்தார். சட்டமும் ரோட்டோடு நின்றது. அதனால் இந்தப் பிள்ளை மாட்டிக்கொண்டான். மாடன் பேரைச் சொல்லி, இல்லாத ஒரு காவலை அல்லவா அவனுக்குக் கொடுத்துவிட்டார்? அந்த வார்த்தையை நம்பித்தானே அட்டையை எடுத்து நீட்டினான்?

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு மகாராஜாவிடம் திரும்பி, வண்டியில் இலை கிடக்கிறது, மாடு வாய் வைத்துவிடும், போய்ப் பார் என்றார். கண்ணாலேயே, அப்படியே போய்விடு என்று சொன்னார். பையன் தயங்கித் தயங்கிப் போனான்.

அவன் தலை மறைந்ததும், "அட்டை எங்கிட்டதான் இருந்துச்சு, ஏட்டய்யா. அந்தப் பய வழியில சும்மா தூக்குததுக்கு ஏறினவன். பேரு தெரியாது" என்றார்.

காந்திமதிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஈரத் தலை, இலைக்கறை படிந்த வேட்டி. "பொய் சொல்லுததுக்கும் ஒரு முகவெட்டு வேணும் அண்ணாச்சி. உமக்கு அது இல்ல. இங்கனயே இரும், நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்க உள்ளே போனார்.

சுடலைவடிவு வந்தாள். போனில் யாரோ சொல்லி, பஸ் பிடித்து வந்திருந்தாள். விரல் நுனியில் புகையிலைத் தூள்கூடப் போகவில்லை. மாடக்கண்ணு எழுந்து நின்றார். ஏட்டைக் காட்டிலும் இந்த விசாரணைக்குத்தான் அவர் பயந்தார்.

"எங்கன கெடந்தான்?"

"மண்டபத்துல."

"வண்டிய நிறுத்தினீங்களா?"

"முன்னாடியே நின்னுட்டுத்தான் கெடந்துச்சு. இலைக்குத் தண்ணி தெளிக்க."

அப்போ அந்தச் சத்தியம் முறியல என்றாள் அவள். மாடக்கண்ணுவுக்கு அதோடு தீரவில்லை. இன்னொரு சத்தியம் பாக்கி இருக்கிறதே. மாடன் சாட்சியாக ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததையும், அது பொய்யாகப் போனதையும், அட்டையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதையும் சொன்னார். பழைய கோர்ட்டுக் கூண்டு அவள் கண்முன் வந்து போனது அவருக்குத் தெரிந்தது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, அவரையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள்.

"குடுத்தது குடுத்ததுதான். காப்பாத்துங்க. எத்தனை வாய்தா வந்தாலும் நானும் வாரேன். பீடியை அங்கன உக்காந்தும் சுத்தலாம்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய வார்த்தையை அவள் சொன்னதில்லை. மாடக்கண்ணு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்நேரம் தாழ்வாரத்தில் பட்டுச்சேலை சரசரக்க ஒரு அம்மா ஓடி வந்தார். ஷிபினின் தாய் பியூலா. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் எழுத்தராக வேலை. கணவர் இறந்த பிறகு இந்த ஒரு பிள்ளைதான். வந்த வேகத்தில், என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை, ஏதோ சாப்பாட்டுக் கோளாறு, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று எதிரே வந்த ஏட்டிடம் கெஞ்சினார். டாக்டர் ஹம்னா அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பிள்ளையைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வந்தபோது அந்த அம்மாளின் நடை வேறாக இருந்தது. நேராக மாடக்கண்ணுவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கல்யாண வரவேற்புலதான் இருந்தேன் அண்ணாச்சி. இலை இன்னும் வரலைன்னு எல்லாரும் வாசலையே பாத்துட்டு இருந்தோம். நானுந்தான் குறை சொல்லிட்டு இருந்தேன்." அதற்கு மேல் முடியவில்லை. "அந்த இலையிலதான் எம் பிள்ளை படுத்து வந்திருக்கான்."

சுடலைவடிவு எழுந்து அவரைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். பட்டுச்சேலையில் புகையிலைத் தூள் ஒட்டியது.

அழுது தெளிந்ததும் பியூலா கோர்ட்டு ஆளாகப் பேசினார். பழக்கத்துக்கு ஆளானவன் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், உபயோகித்ததற்காக அவன் மேல் நடவடிக்கை வராமல் காக்கிற ஒரு பிரிவு சட்டத்தில் இருக்கிறது. பாதியில் விட்டால் அந்தக் காவலும் போய்விடும். ஷிபினுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. நாளைக்கே எழுதிக் கொடுக்க வைக்கிறேன் என்றார். "ஆனா கூட்டிட்டு வந்தவனுக்கு அப்படி ஒரு கதவை யாரும் வைக்கல அண்ணாச்சி. எத்தனையோ கேஸ் கட்டு என் கையில கடந்து போயிருக்கு. இப்பத்தான் அது எனக்கு உறைக்குது."

"நான்தானே கூட்டிட்டு வந்தேன். எனக்கென்ன" என்றார் மாடக்கண்ணு.

"இல்ல, ஏட்டய்யா."

எல்லாரும் திரும்பினார்கள். தாழ்வாரத்தின் முனையில் மகாராஜா நின்றான். ஈர வாழை இலை வாசம் அவன் மேலிருந்து வந்தது. சொன்ன வேலையைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"அட்டை எங்கிட்டதான் இருந்துச்சு. பைக்கும் என்னோடதுதான். எம் பேரு மகாராஜா." குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "வாங்கின இடத்தையும் காட்டுதேன். அண்ணாச்சிய விட்டுருங்க."

மாடக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு, "போன்னுதானலே சொன்னேன்" என்றார்.

"போயிட்டேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல கால் போகல."

அவன் போலீஸ் வேலைக்குக் காத்திருக்கிறவன் என்று தெரிந்ததும் காந்திமதிநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் கையில் சட்டம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிற பேனா இருந்தது. பையன் மாத்திரை தின்றவன் இல்லை, அட்டையைப் பதுக்காமல் டாக்டர் கையில் அவனே கொடுத்தான், அதனால் ஓர் உயிர் பிழைத்தது என்று டாக்டர் ஹம்னாவின் வார்த்தையோடு சேர்த்து எழுதினார். மேலதிகாரிகள் விற்றவனைத் தேடிப் போனார்கள். மகாராஜா குற்றவாளியாக இல்லாமல் சாட்சியாக வழக்கில் ஏறினான். வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்த ஏட்டு நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால் என்று நினைத்து, பியூலா இன்றைக்கும் ஜெபத்தில் அழுவதுண்டு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கல்யாண வீட்டில் பேப்பர் இலை போட்டார்கள். மாடக்கண்ணுவுக்கு வாய் நிறைய வசவு கிடைத்தது. விஷயம் தெரிந்த பிறகு பெண் வீட்டார் ஒரு டப்பா நிறைய ஜிலேபி கொடுத்தனுப்பினார்கள்.

ஷிபின் சிகிச்சையில் சேர்ந்தான். நடுவில் ஒருதரம் சுவர் ஏறிக் குதித்து வெளியே வந்தவனை, பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவிட்டது குட்டியானைதான். "பாதியில விட்டா கதவு சாத்திருவான், ஒங்கம்மா சொல்லுச்சுல்ல" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார் மாடக்கண்ணு. இப்போது பையன் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சில நாள் இலை ஏற்றக் கூடமாட வருகிறான். அடுக்கத் தெரியாமல் கிழித்துவைப்பான். மாடக்கண்ணு ஒன்றும் சொல்வதில்லை.

மகாராஜாவின் ஆர்டர் மட்டும் வரவே இல்லை. மாசக்கணக்கில் இழுத்தது. அவனோடு தேறினவர்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் மாடக்கண்ணு பட்டினி கிடந்தார். நான்தானே வாக்குக் கொடுத்தேன் என்பார். அவன், நீங்க இல்லாட்டி இன்னிக்கு நான் எந்த முகத்தோட இருந்திருப்பேன் அண்ணாச்சி என்று அவரைத் தேற்றுவான்.

இந்த ஆடியில்தான் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். மகாராஜாவின் ஊரில் நாலு பேரைக் கேட்டுவிட்டு, அந்தச் சம்பவத்தில் பேர் வருகிறதே என்று மாடக்கண்ணு வீட்டு வாசலுக்கும் வந்தார். பையன் எப்படி, நடத்தை எப்படி என்று கேட்டார்.

மாடக்கண்ணு பலகையை ஒப்பிக்கவில்லை. எந்தச் சட்டத்தையும் சொல்லவில்லை. "ஓடிப்போயிருலேன்னு நான்தான் அனுப்பிவிட்டேன் ஐயா. வாசல் வரைக்கும் போனவன், எனக்காகத் திரும்பி வந்து தன் பேரைச் சொன்னான். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்றார்.

வந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். சுடலைவடிவு கொடுத்த மோரைக் குடித்தார். பைக்கை உதைத்துக் கிளப்பியவர், போகிற போக்கில் சொன்னார்: "பயிற்சிக்குக் கொண்டுபோக நல்ல டிரங்குப் பெட்டியா ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லும் அந்தப் பயல."

பைக் தெருமுனை திரும்பி மறைகிற வரை மாடக்கண்ணு அசையவில்லை. பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் நடக்காதவள் மாதிரி சொளகை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒரு பீடியை நூல் சுற்றி முடித்தாள்.

"இந்த வருஷம் மாடன் கோயில் கொடைக்குச் சூடம் கொஞ்சம் பெரிசா வாங்கணும்" என்றாள்.

"எதுக்கு?"

"ரோட்டுல நிறுத்த மாட்டேன்னு ஒங்ககிட்ட வாங்கினத மாடங்கிட்டச் சொல்லித் திருப்பிக் குடுத்துருதேன்." அடுத்த இலையை எடுத்து விரலால் நீவினாள். "சுத்திச் சுத்தி வந்தா டீசலுக்கு யாரு பதில் சொல்லுதது?"